முதல் டோர்னமென்ட்டுக்குப் பெயர் கொடுக்கலாமா?

நாற்பதை நெருங்கும் வயதில் டென்னிஸ் கற்றுக்கொள்ளலாமா என்று ஒரு வாசகி போன இதழில் கேட்டிருந்தார். தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், நான் தொடங்கியதே 38 வயதில்தான் என்று பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அடுத்த படியைப் பற்றியவை. ஓரளவு ஆட வருகிறது, போட்டியில் இறங்கலாமா, இறங்கினால் என்ன நடக்கும் என்று கேட்கிறார்கள். இந்த மாதப் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு வருடமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு ஆடுகிறேன், பெரும்பாலும் டபுள்ஸ். அடுத்த மாதம் எங்கள் கிளப்பிலேயே 35 வயதைத் தாண்டியவர்களுக்குப் போட்டி நடக்கிறது. கோச் சிங்கிள்ஸுக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார். என் பேக்ஹேண்ட் (புறங்கை அடி) இன்னும் நம்பும்படி இல்லை. அது சரியான பிறகு அடுத்த வருடம் ஆடலாமா?
(வாசகி, கோவை)

பெயர் கொடுத்துவிடுங்கள். இந்த வாரமே கொடுங்கள், கடைசித் தேதி வரை தள்ளிப்போட வேண்டாம்.

பேக்ஹேண்ட் சரியாகட்டும் என்று காத்திருப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காலையில் உங்களோடு ஆடுகிறவர்கள் உங்கள் சிநேகிதர்கள். அவர்களை அறியாமலே உங்களுக்கு எது வசதியோ அங்கேதான் பந்தைப் போடுவார்கள். மார்க்கரும் (கிளப்பில் நம்மோடு ஆடிப் பழக்குகிறவர்) நீங்கள் அடிப்பதற்குத் தோதாக, இடுப்பு உயரத்துக்கு எழும்புகிற மாதிரி போட்டுக் கொடுப்பார். போட்டியில் எதிரே நிற்கிறவருக்கு அந்தக் கடமை எதுவும் கிடையாது. மூன்றாவது கேமுக்குள் உங்கள் பலவீனம் அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அங்கேயே போட்டுக்கொண்டிருப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் அடிக்கிற பேக்ஹேண்ட் ஒரு மாதப் பயிற்சியில் அடித்ததைவிட அதிகமாக இருக்கும். நமக்கு உண்மையிலேயே எது வரவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். என் குறையும் பேக்ஹேண்ட்தான் என்று நான் நம்பியிருந்தேன். மேட்ச்சில் பார்த்தால் பேக்ஹேண்ட் சுமாராக வந்தது, கால்தான் நகரவில்லை. பந்து வந்து சேரும் வரை நின்ற இடத்திலேயே நின்றேன்.

என் முதல் போட்டி திருச்சியில், 41 வயதில். மதுரை மாட்டுத்தாவணியில் அதிகாலை மூன்று மணிக்கு பஸ் ஏறினேன். தபால் ஆபீஸ் வேலைக்கு ஒரு நாள் லீவு, தோளில் ஒரே ஒரு ராக்கெட். என் மேட்ச் 7.30 மணிக்கு என்று டிராவில் (யாரோடு யார் ஆடுவது என்ற பட்டியல்) போட்டிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டபோது மணி 10.45. அந்த மூன்று மணி நேரத்தை எப்படிக் கழிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. வந்தவுடன் கைகால் எல்லாம் நன்றாக நீட்டி மடக்கிவிட்டு, வெயிலில் நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூப்பிட்ட நேரத்தில் உடம்பு மறுபடியும் இறுகிப்போயிருந்தது, கொண்டுபோன தண்ணீரும் தீர்ந்திருந்தது. ஒரே செட், 2-6. முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பஸ்ஸில் விராலிமலை தாண்டும் வரை அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் நான் ஜெயித்த அந்த இரண்டு கேமும் இன்றைக்கும் பந்துக்குப் பந்து நினைவிருக்கிறது. காலைப் பயிற்சியில் ஜெயித்த நூறு கேமில் ஒன்றுகூட அப்படி நினைவில் இல்லை.

உங்களுக்கு இருக்கிற ஒரு மாதத்தில் பேக்ஹேண்டை மாற்றி அமைக்க முயல வேண்டாம். வாரம் இரண்டு நாளாவது சிங்கிள்ஸ் ஆடுங்கள், ஸ்கோரை வாய்விட்டுச் சொல்லி முழு செட் ஆடுங்கள். சிங்கிள்ஸ் கோர்ட் 27 அடி அகலம், டபுள்ஸுக்கு 36 அடி. கோர்ட் ஒன்பது அடி குறுகினாலும், பக்கத்தில் ஆள் இல்லாமல் அந்த 27 அடியையும் நீங்கள் ஒருத்தியே ஓடிக் காக்க வேண்டும். அந்த மூச்சிரைப்பு முதன்முதலாகப் போட்டி அன்றைக்கு வரக் கூடாது. முன்பின் ஆடிப் பழகாத இரண்டு மூன்று பேரோடும் ஆடிப் பாருங்கள். இன்னொன்று, புதுப் பந்து. நாம் தினமும் ஆடுவது காற்று இறங்கி ரோமம் தேய்ந்த பந்தில். போட்டியில் டப்பாவை உங்கள் கண் முன்னால் திறப்பார்கள். புதுப் பந்து கூடுதலாக எழும்பும், அதே வீச்சுக்கு இன்னும் தூரம் போகும். எனக்கு முதல் இரண்டு கேமும் பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் பின்கோடு) வெளியே விழுந்தே போனது. போட்டிக்கு முந்தைய வாரம் இரண்டு மூன்று பேர் காசு சேர்த்து ஒரு புது டப்பா வாங்கி ஆடிவிடுங்கள்.

எந்த முறையில் ஆட்டம் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சில இடங்களில் ஆறு கேம் வரை ஒரே செட், சில இடங்களில் எட்டு கேம் வரை. மூன்று செட் ஆட்டம் என்றால், சில இடங்களில் மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் பாயின்ட் டைபிரேக் (முடிவு காண ஆடும் குறு ஆட்டம்) வைப்பார்கள். டியூஸில் (40-40 என்ற சமநிலை) அட்வான்டேஜ் இல்லாமல் ஒரே பாயின்ட்டில் கேமை முடிக்கும் முறையும் உண்டு. அப்போது எந்தப் பக்கத்தில் சர்வீஸ் வாங்குவது என்று முடிவு செய்வது வாங்குகிறவர்தான். நீங்கள் ஃபோர்ஹேண்டை நம்புகிறவர் என்பதால் இதை மறக்க வேண்டாம்.

1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒரு சுற்று ஜெயித்த நிருபமா வைத்தியநாதன் உங்கள் ஊர்க்காரர். கிராண்ட் ஸ்லாம் பிரதான டிராவில் ஓப்பன் காலத்தில் (தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்க்கத் தொடங்கிய 1968க்குப் பிறகு) வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். நீங்கள் தினமும் காலையில் ராக்கெட்டோடு கிளம்புகிற ஊரிலிருந்துதான் அவரும் கிளம்பினார். கடிதத்தில் கோவை என்று பார்த்ததும் இதை எழுதத் தோன்றியது.

கேள்வி: எங்கள் ஊர்ப் போட்டியில் அம்பயர் கிடையாதாம். அவரவர் பக்கத்து லைனை அவரவரே சொல்ல வேண்டுமாம். எதிராளி வேண்டுமென்றே அவுட் சொன்னால் நான் என்ன செய்வது?
(வாசகர், ஈரோடு)

வந்த கடிதங்களில் இதற்குத்தான் விரிவாகப் பதில் எழுத ஆசைப்பட்டேன். முதல் முறை ஆடுகிறவர்கள் சர்வீஸையும் வாலியையும் (தரையில் விழும் முன் பந்தை அடிப்பது) பற்றிக் கவலைப்படுகிறார்கள். தாங்களே அம்பயராகவும் இருக்க வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

முதலில் விதி. நெட்டுக்கு உங்கள் பக்கம் விழுகிற பந்துக்கு நீங்கள்தான் நீதிபதி. லைனை ஒரு நூலளவு தொட்டாலும் பந்து உள்ளேதான். அவுட் என்றால் உடனே, எதிராளிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். திருப்பி அடித்து, அது நெட்டில் பட்ட பிறகு யோசித்துச் சொல்லக் கூடாது. சந்தேகம் என்றால் பந்து உள்ளே. இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சந்தேகத்தின் பலனை எதிராளிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பாதிப் பாதி என்று அந்தப் பாயின்ட்டைத் திரும்ப ஆட முடியாது.

அவுட் சொல்லிவிட்டீர்கள், சொன்ன மறுகணமே பந்து உள்ளே விழுந்தது என்று புரிகிறது. திருத்திக்கொள்ளலாம். முதல் தடவை என்றால் அந்தப் பாயின்ட்டைத் திரும்ப ஆடுவார்கள். ஆனால் உங்களால் எட்டவே முடியாத, அதோடு பாயின்ட் முடிந்திருக்கக்கூடிய அடி என்றால் பாயின்ட் அவருக்குத்தான். அதே மேட்ச்சில் இரண்டாவது தடவை இப்படி ஆனாலும் பாயின்ட் அவருக்குத்தான்.

மண் கோர்ட்டில் பந்து தடம் பதிக்கும். அவுட் சொன்னவர் கேட்டால் தடத்தைக் காட்ட வேண்டும். காட்டாமல் காலால் தேய்த்து அழித்துவிட்டால் அவர் தன் முடிவை விட்டுக்கொடுத்ததாகவே கணக்கு. தடத்தைப் பார்ப்பதற்காக மட்டும் நீங்கள் நெட்டைத் தாண்டி அவர் பக்கம் போகலாம், வேறு எதற்கும் போகக் கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் சுற்றி வந்துதான். திருச்சி மேட்ச்சில் ஸ்கோர் 2-4. எதிரே ஆடியவர் ஒரு பள்ளி ஆசிரியை, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என் சர்வீஸ், 30-40. அவர் அடித்த பந்து என் பேக்ஹேண்ட் பக்கம் லைனை ஒட்டி விழுந்தது. எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கை தானாக உயர்ந்து 'அவுட்' என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி நடந்தார். டியூஸ் ஆனது. அந்த கேமைக் கடைசியில் அவர்தான் ஜெயித்தார். பக்கம் மாறும்போது அந்த இடத்தைக் கடந்து போனேன். தடம் லைனின் மேல் பாதி ஏறியிருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

நான் தோற்றதற்கும் அந்தப் பந்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அடுத்த கேம் முழுக்க எனக்குப் பந்தே தெரியவில்லை, அந்தத் தடம்தான் தெரிந்தது. மேட்ச் முடிந்ததும் கிணற்றடி மாதிரி ஒரு தொட்டியில் அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். "தெரியும்மா. முதல் மேட்ச்னு உங்க முகத்துலயே எழுதியிருந்துச்சு. அடுத்த தடவை சந்தேகமா இருந்தா வாங்கன்னு கூப்பிட்டு மார்க்கைக் காட்டுங்க, ரெண்டு பேருமா பார்த்துக்கலாம்" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அவருடைய அந்த வார்த்தைகளை நான் பன்னிரண்டு வருடமாகக் கடைப்பிடிக்கிறேன்.

ஆகையால் ஐயா, எதிராளி தவறாக அவுட் சொன்னால் முதலில் அவரும் என்னைப்போல ஒரு நொடி பதறியவராக இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்று, சத்தம் உயர்த்தாமல், "நிச்சயமாத் தெரிஞ்சுதா?" என்று ஒரு தடவை கேளுங்கள். பலர் அந்தக் கேள்விக்கே திருத்திக்கொள்வார்கள். அவர் அவுட்தான் என்றால் விட்டுவிட்டு ஆடுங்கள், அது அவருடைய உரிமை. இரண்டாவது, மூன்றாவது தடவையும் அப்படியே நடந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, போட்டி முழுவதற்கும் பொறுப்பான ரெஃப்ரியைக் கூப்பிடுங்கள். கூப்பிடுவது சண்டை போடுவதாகாது, அதற்காகத்தான் அவர் இருக்கிறார். வந்து பக்கத்தில் நின்றாலே போதும், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். வேலிக்கு வெளியே நிற்கிற உங்கள் நண்பரிடம் 'நீ பார்த்தியா' என்று மட்டும் கேட்க வேண்டாம், அதற்கு விதியில் இடம் இல்லை. அவர் ஒன்று ஏமாற்றினார் என்று பதிலுக்கு நீங்களும் ஒன்று சொல்லவே கூடாது. அப்படிச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு அங்கே டென்னிஸ் நடக்கவில்லை.

ஸ்கோரில் தகராறு வந்தால், இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிற பாயின்ட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, தகராறான பாயின்ட்டுகளை மட்டும் திரும்ப ஆட வேண்டும். இதைத் தவிர்க்க ஒரே வழி, சர்வீஸ் போடுகிறவர் ஒவ்வொரு பாயின்ட்டுக்கு முன்பும் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்வது. கூச்சமாக இருக்கும். வீட்டிலேயே சொல்லிப் பழகுங்கள்.

கூடவே இன்னொரு விதி. வெளியே போகிற பந்துதானே என்று கையால் பிடித்துவிடாதீர்கள். நீங்கள் பேஸ்லைனுக்குப் பத்தடி பின்னால் நின்றாலும், தரையில் விழும் முன் பந்து உங்கள் மேல் பட்டால் பாயின்ட் எதிராளிக்கு. காலை ஆட்டத்தில் நாம் எல்லோரும் பிடிக்கிறோம், அந்தப் பழக்கம் போட்டியிலும் வந்துவிடும்.

கேள்வி: வயது 29, ஐடி வேலை. பிராக்டீஸில் சர்வீஸ் நன்றாக விழுகிறது. போன மாதம் முதல் போட்டியில் ஒரே செட்டில் பதினோரு டபுள் ஃபால்ட். மறுபடியும் போகவே பயமாக இருக்கிறது.
(வாசகர், சென்னை)

தம்பி, பிராக்டீஸில் நன்றாக விழுவது உங்கள் முதல் சர்வீஸ். கூடை நிறையப் பந்தை வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓங்கி அடிக்கிறோம், பத்தில் ஐந்து விழுந்தால் சந்தோஷம். முதல் சர்வீஸ் தவறிய பிறகு போடுகிற இரண்டாவதும் தவறுவதுதான் டபுள் ஃபால்ட், அந்த இரண்டாவது சர்வீஸை யாருமே தனியாகப் பழகுவதில்லை. மேட்ச்சில் பாதி நேரம் அதுதான் தேவைப்படுகிறது.

பதற்றத்தில் உடம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். பிடி இறுகும். பந்தைத் தூக்கிப் போடும் கை சுருங்கும், அதனால் பந்து தாழ்வாக எழும்பும். உள்ளே போட வேண்டும் என்ற பயத்தில் ராக்கெட்டின் வேகத்தைக் குறைப்போம். மூன்றும் சேர்ந்தால் பந்து நெட்டில்தான் விழும். இரண்டாவது சர்வீஸுக்கு வீச்சின் வேகத்தைக் குறைக்கக் கூடாது. பந்தை நேராக அடிக்காமல் கீழிருந்து மேலாக உரசி, நெட்டுக்கு இரண்டு மூன்று அடி உயரத்தில் அனுப்ப வேண்டும். சுழற்சி அதைக் கீழே இறக்கிக்கொள்ளும். சர்வீஸ் கட்டம் 21 அடி நீளம், பதின்மூன்றரை அடி அகலம். ஓரத்தைக் குறி பார்க்க வேண்டாம், நடுவில் போடுங்கள்.

ஒரு மாதத்துக்கு முதல் சர்வீஸையே மறந்துவிடுங்கள். தினமும் ஆட்டம் முடிந்த பிறகு, களைத்த உடம்போடு, இரண்டாவது சர்வீஸ் தொடர்ந்து பத்து உள்ளே விழுந்த பிறகுதான் வீட்டுக்குப் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது, ஒன்பதாவது பந்து போடும்போது கை நடுங்கும். போட்டியில் வருகிற அதே நடுக்கம்தான், பழகிவிடும். நான் முதல் வாரம் இருட்டும் வரை நின்றிருக்கிறேன்.

ஒரு பாயின்ட்டுக்கும் அடுத்த பாயின்ட்டுக்கும் நடுவே 25 விநாடி இருக்கிறது. டபுள் ஃபால்ட் போட்டவர்கள் எல்லோரும் உடனே அடுத்ததைப் போட அவசரப்படுகிறார்கள். போய் வேலிக்கம்பியைத் தொட்டுவிட்டு வாருங்கள். பந்தை நாலு தடவை தட்டுங்கள். மூச்சை முழுதாக வெளியே விட்ட பிறகு பந்தைத் தூக்குங்கள்.

எதுவுமே வேலை செய்யாத நாளில் கீழ்க்கையால் சர்வீஸ் போடலாம். முழுக்க விதிப்படியானது. 1989 பிரெஞ்சு ஓப்பனில் 17 வயது மைக்கேல் சாங், காலில் தசைப்பிடிப்போடு, உலகின் முதல்நிலை வீரர் இவான் லெண்டிலுக்கு எதிராக ஐந்தாவது செட்டில் கீழ்க்கையால் ஒரு சர்வீஸ் போட்டார். அந்தப் பாயின்ட்டையும் மேட்ச்சையும் ஜெயித்தார், கடைசியில் கோப்பையையும் வாங்கினார். சொல்வதற்குக் காரணம், உங்களிடம் எப்போதும் ஒரு சர்வீஸ் கைவசம் இருக்கிறது என்று தெரிந்தாலே தோள் தளர்ந்துவிடும்.

கேள்வி: முதல் போட்டியில் என்னைத் தோற்கடித்தவர் ஒரு பந்தைக்கூட ஓங்கி அடிக்கவில்லை. தூக்கித் தூக்கிப் போட்டே ஜெயித்துவிட்டார். நான் அடித்தேன், நான் தோற்றேன். இதெல்லாம் டென்னிஸா?
(வாசகர், நாகர்கோவில்)

டென்னிஸ்தான். உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது நாகர்கோவிலில். 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி. அவருடைய சர்வீஸில் வேகம் கிடையாது. மென்மையான கையாலும், பந்தை வைக்கிற இடத்தாலும், பந்து தரையில் குத்தி எழும் கணத்திலேயே அடிக்கிற ஹாஃப் வாலியாலும்தான் உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களோடு நின்றார். ஓங்கி அடிப்பது மட்டும்தான் டென்னிஸ் என்றால் நம் ஊர் டென்னிஸ் சரித்திரமே இல்லாமல் போகும்.

உங்களைத் தோற்கடித்தவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. தொடக்க நிலைப் போட்டிகளில் பாயின்ட் பெரும்பாலும் ஜெயிக்கப்படுவதில்லை, தவறவிடப்படுகிறது. அவர் இன்னும் ஒரு பந்து கூடுதலாக உள்ளே போட்டார், அவ்வளவுதான்.

அவரை அடுத்த தடவை எப்படி எதிர்கொள்வது? குறுக்காக ஆடுங்கள். நெட் நடுவில் மூன்றடி, கம்பத்தருகில் மூன்றரை அடி. லைனை ஒட்டி நேராக அடித்தால் கோர்ட்டின் நீளம் 78 அடி, குறுக்கே மூலைக்கு மூலை 82 அடிக்கு மேல். குறுக்காக அடிக்கும்போது நெட்டும் அரையடி தாழ்வு, இடமும் நாலடி கூடுதல். பந்து உள்ளே விழ இதைவிட வேறென்ன வேண்டும்? பொறுமையாக அப்படியே ஆடி, அவர் பந்து சர்வீஸ் லைனுக்கு முன்னால் குட்டையாக விழும்போது மட்டும் உள்ளே வந்து அடியுங்கள். அவரை நெட்டுக்கு வரவழைத்தும் பாருங்கள். பின்னால் நின்று தூக்கிப் போடுகிறவர்களில் பலருக்கு முன்னால் வரப் பிடிக்காது. அவர் தூக்கிப் போடுகிற பந்தை அந்தரத்தில் அடிக்க வேண்டாம். ஸ்மாஷ் நன்றாக வரும் வரை தரையில் ஒரு தடவை குத்தவிட்டு அடியுங்கள்.

கேள்வி: பையில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? எங்கள் ஊர் வெயிலில் ஆட வேண்டும்.
(வாசகி, வேலூர்)

இன்னொரு ராக்கெட், இரவல் வாங்கியதானாலும் பரவாயில்லை. ராக்கெட்டின் நரம்பு அறுந்தால் பாதி மேட்ச்சில் வேறு ராக்கெட் தேடி ஓட முடியாது. மூன்று லிட்டர் தண்ணீர், அதில் ஒரு லிட்டரில் ஓஆர்எஸ் கலந்தது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்ப வராது. உப்புப் போட்ட மோர், இரண்டு வாழைப்பழம், இரண்டு துண்டு, தொப்பி, மாற்றிக்கொள்ள ஒரு சட்டை. ஷூ டென்னிஸுக்கானதாக இருக்கட்டும். ஓட்டத்துக்கான ஷூ நேராக ஓடுவதற்கு ஏற்றது, பக்கவாட்டில் திடீரென்று நிற்கும்போது கணுக்கால் பிறழும். புது ஷூவை அன்றைக்கு முதன்முதலாகப் போட வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில் நிழலில் உட்காருங்கள். உங்களுக்கு முந்தின மேட்ச் 4-4 ஆனதும் எழுந்து உடம்பைச் சூடாக்கத் தொடங்குங்கள். வார்ம்-அப் ஐந்து நிமிடம் எதிராளியோடு சேர்ந்து ஆடுவது. அவருக்கு நேராகப் போட்டுக் கொடுங்கள், ஜெயிக்கப் பார்க்காதீர்கள். பக்கம் மாறும்போது 90 விநாடி உட்காரலாம். செட்டின் முதல் கேம் முடிந்து மாறும்போது உட்காராமல் அப்படியே போக வேண்டும். தலை கிறுகிறுத்தாலோ வியர்ப்பது நின்றாலோ ஆட்டத்தை அதோடு நிறுத்திவிடுங்கள், ஸ்கோர் என்னவாக இருந்தாலும்.

கேள்வி: ரிட்டையர் ஆன பிறகு கற்றுக்கொண்டேன். இப்போது 61. சின்ன வயதுக்காரர்களோடு ஆடித் தோற்பதற்கா போக வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.
(வாசகர், தஞ்சாவூர்)

அவர்களோடு ஆட வேண்டியதில்லை ஐயா. உலக டென்னிஸ் கூட்டமைப்பின் மாஸ்டர்ஸ் போட்டிகளே 30, 35, 40 என்று ஐந்தைந்து வயதுப் பிரிவுகளாகத்தான் நடக்கின்றன. நம் ஊர்ப் போட்டிகளிலும் 55, 60 தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு வைக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். உக்ரைனைச் சேர்ந்த லியோனிட் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி 2021இல் மயோர்க்கா தீவில் நடந்த மூத்தோர் உலகப் போட்டியில் ஆடியபோது அவருக்கு வயது 97. டாக்டரிடம் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. முதல் முறை டபுள்ஸுக்குப் பெயர் கொடுங்கள், உங்களைக் கடிந்துகொள்ளாத ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவி அடுத்த ஞாயிறு முதல் போட்டி ஆடப் போகிறாள். நானும் பிள்ளைகளும் வந்து உற்சாகப்படுத்துகிறோம் என்றால் வரவே கூடாது என்கிறாள். கோபமா, பயமா என்று தெரியவில்லை. என்ன செய்யட்டும்?
(வாசகர், மதுரை)

போக வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நமக்குத் தெரிந்த முகம் வேலிக்கு வெளியே நிற்கும்போது ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் கண் அங்கே போகும். தவறு செய்தால் அந்த முகம் என்ன ஆகிறது என்று பார்க்கத் தோன்றும். முதல் மேட்ச்சில் பார்க்க வேண்டியது பந்து ஒன்றைத்தான். இரண்டாவது போட்டிக்கோ மூன்றாவதுக்கோ அவரே கூப்பிடுவார். அன்றைக்குப் போகும்போது இரண்டு பேர் பாயின்ட்டுக்கும் கை தட்டுங்கள். 'பேக்ஹேண்டுக்குப் போடு' என்று வெளியிலிருந்து யோசனை சொல்ல வேண்டாம், பல போட்டிகளில் அது தடை, அவருக்கும் எரிச்சலாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை உங்களால் செய்யக்கூடியது வேறு. முந்தின இரவு சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மோரைப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். பிள்ளைகளை நேரத்தோடு தூங்க வையுங்கள், காலையில் வீடு அமைதியாக இருக்கட்டும். போன் வரும் வரை நீங்களாகப் போன் செய்யாதீர்கள்.

அவர் திரும்பி வந்ததும் 'ஜெயிச்சியா' என்பதை முதல் கேள்வியாகக் கேட்க வேண்டாம். நான் திருச்சியிலிருந்து திரும்பிய அன்று என் கணவர் மாட்டுத்தாவணியில் வண்டியோடு நின்றார். என் முகத்தைப் பார்த்தாலே அவருக்கு எல்லாம் புரிந்திருக்கும். ராக்கெட்டை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார், நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கே.கே. நகர் வளைவு தாண்டிய பிறகு, "எதிர்ல ஆடுனவங்க எப்படி ஆடுனாங்க?" என்று கேட்டார். அந்த டீச்சரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போட்ட பிறகும் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.